வீட்டு கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தி சிடி போடுவது எப்படி? (முதல்ல ஏத்துங்க, அப்புறம் அழகுபடுத்துங்க)



கடைல வாங்கின பக்திப் பாட்டு கேசட் தொலைஞ்சு போனா பெரிய கவலை இல்லை. சூலமங்கலம் சகோதரிகள் பாடின கந்த சஷ்டி கவசம் இன்னிக்கு எந்த போன்லயும் ரெண்டு நொடியில கிடைக்கும். ஆனா உங்க தாத்தா வீட்டுக் கூடத்துல டூ-இன்-ஒன்னை வச்சு, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பதிஞ்ச சஷ்டி பஜனை? உலகத்துலயே அதுக்கு ஒரே ஒரு பிரதிதான். அது உங்க வீட்டுப் பரண்ல, ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கு.

அந்த மாதிரி டேப்பை கம்ப்யூட்டர்ல ஏத்தி, சிடியாவும் போட்டு வைக்கிற முறையைத்தான் இன்னிக்கு பாடமா பார்க்கப் போறோம். ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகத்துல இருந்தா போதும். ஒண்ணு, முதல்ல உள்ளதை உள்ளபடி ஏத்தணும், சுத்தம் பண்றதெல்லாம் அப்புறம்தான். ரெண்டு, பாட்டோட சேர்த்து பாடினவங்க பேரையும் ஏத்தணும். மத்ததெல்லாம் ஒயரும் பட்டனும்தான், ஒரு ஞாயித்துக்கிழமையில கத்துக்கலாம்.

1. கேசட்டுக்குள்ள என்ன இருக்கு?

பிலிப்ஸ் கம்பெனி 1963-ல கொண்டு வந்த சமாச்சாரம் இது. உள்ளே ஓடுற டேப்போட அகலம் 3.81 மில்லிமீட்டர். மெல்லிய பிளாஸ்டிக் பட்டை மேல இரும்பு ஆக்சைடு பொடி பூசியிருப்பாங்க. ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல ஓடும். கணக்குப் போட்டா, சி-60 கேசட்ல ஒரு பக்கத்து அரை மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 86 மீட்டர் டேப் ஆகுது. சி-90 இன்னும் நீளம், அதனால இன்னும் மெல்லிசு. சி-120 அதைவிட மெல்லிசு, சீக்கிரம் சிக்கிக்கும்.

அந்தப் பொடியில இருக்கிற காந்தப் பதிவுதான் குரல். வருஷம் ஆக ஆக பதிவு மங்கும், ஒட்டியிருக்கிற பசை கெடும், ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும். ரொம்பப் பழைய டேப் நல்லபடியா ஓடப் போறது ஒரே ஒரு தடவையா கூட இருக்கலாம். அந்த ஒரு தடவைக்குத் தயாரா இருக்கணும்.

2. பிளேயர்ல போடுறதுக்கு முன்னாடி

முதல் வேலை, கேசட்டைத் திருப்பிப் பாருங்க. டேப் வெளியே தெரியற விளிம்புக்கு எதிர் விளிம்புல, ரெண்டு மூலையிலயும் சின்ன பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ரெண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால உடைச்சு எடுத்துடுங்க. இனிமே யாரு தெரியாம ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் பழைய பாட்டு மேல புதுசா பதியாது.

ரெண்டாவது, நடுவுல இருக்கிற ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. டேப் சுருள் மேல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. அதை பிளேயர்ல போடவே போடாதீங்க. ஹெட்ல ஒட்டி, அடுத்தடுத்த கேசட்டுக்கும் பரவும். தனி கவர்ல போட்டு வச்சு, டேப் ரிப்பேர் பழக்கம் உள்ளவங்க கையில குடுங்க.

மூணாவது, டேப் வெளியே தெரியற இடத்துல நடுவுல ஒரு சின்ன கம்பளி மெத்தை இருக்கும். அதுதான் டேப்பை ஹெட் மேல அமுக்கிப் பிடிக்கும். அது உதிர்ந்திருந்தா சத்தம் மங்கலா, ஏறி இறங்கி வரும். ஓடு அஞ்சு திருகாணி வச்ச வகையா இருந்தா கழட்டி, சுருள் ரெண்டையும் அப்படியே தூக்கி இன்னொரு நல்ல ஓட்டுக்குள்ள வைக்கலாம். முதல்ல ஒரு உபயோகமில்லாத கேசட்ல செஞ்சு பழகிட்டு அப்புறம் செய்யுங்க.

டேப் அறுந்திருந்தா சாதாரண செல்லோ டேப் போட்டு ஒட்டாதீங்க. அந்தப் பசை நாளடைவில கசிஞ்சு பக்கத்துச் சுத்துல ஒட்டிக்கும். அதுக்குன்னே ஸ்ப்ளைசிங் டேப் இருக்கு.

கடைசியா, பென்சிலை ஓட்டையில விட்டு ரெண்டு சுத்து சுத்தி, டேப் இலகுவா நகருதான்னு பாருங்க. நகர்ந்தா, பிளேயர்ல போட்டு கடைசி வரைக்கும் ஓடவிட்டு, திரும்ப முதலுக்கு சுத்துங்க. பல வருஷம் அசையாம இருந்த சுருள் இதுல தளர்ந்து, சீரா ஓடும்.

3. பிளேயரைத் தயார் பண்றது

வீட்டுல பழைய டெக்கோ டூ-இன்-ஒன்னோ இருந்தா அதுவே போதும். யு.எஸ்.பி ஒயரோட வர்ற மலிவான கேசட் கன்வெர்ட்டர்கள்ல பல, வேகம் சீரா இருக்காது, நீட்டிப் பாடுற இடத்துல குரல் ஆடும். சொந்தக்காரங்க வீட்டுல நல்ல டெக் இருந்தா ஒரு வாரம் இரவல் வாங்குங்க.

பஞ்சு சுத்தின குச்சியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லேசா நனைச்சு, பளபளப்பா இருக்கிற ஹெட்டையும் அது பக்கத்துல சுத்துற இரும்புக் குச்சியையும் துடைங்க. பஞ்சு பழுப்பா வரும். பழுப்பு வராத வரைக்கும் மாத்தி மாத்தித் துடைங்க. ரப்பர் உருளையை மட்டும் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சா போதும். எல்லாம் காய்ஞ்ச பிறகு, பாதகமில்லாத ஒரு கேசட்டை ஓடவிட்டு, டேப்பைத் தின்னாம இருக்கான்னு பாருங்க.

டோன், மெகா பேஸ், ஈக்வலைசர் எல்லாத்தையும் நடுவுல வைங்க, இல்லைன்னா அணைச்சுடுங்க. டால்பி பட்டன் இருந்தா அதையும் அணைச்சுடுங்க. வீட்டு டூ-இன்-ஒன்ல பதிஞ்ச டேப்ல பெரும்பாலும் டால்பி இருக்காது.

4. ஒயர் எங்கிருந்து எங்கே?

டெக் பின்னாடி சிவப்பு, வெள்ளை நிறத்துல லைன் அவுட் இருந்தா அதுதான் முதல் தேர்வு. டூ-இன்-ஒன்னா இருந்தா ஹெட்போன் ஓட்டையில இருந்து எடுக்கலாம், வால்யூம் பாதிக்கு மேல வேண்டாம்.

கம்ப்யூட்டர் பக்கம்தான் நிறைய பேர் தடுமாறுவாங்க. டெஸ்க்டாப்ல நீல நிற ஓட்டை லைன் இன், அதுல செருகுங்க. இளஞ்சிவப்பு ஓட்டை மைக்குக்கு உள்ளது, அதுல வேண்டாம். மைக் ஓட்டை ரொம்ப மெல்லிய சிக்னலைப் பெருசாக்கறதுக்காக இருக்கு. டேப் சிக்னலை அதுல குடுத்தா சத்தம் உடையும். லேப்டாப்ல இருக்கிற ஒத்தை ஓட்டையும் மைக்குக்கானதுதான், மோனோவாத்தான் பதியும். அதனால லேப்டாப் வச்சிருக்கிறவங்க, லைன் இன் உள்ள ஒரு சின்ன யு.எஸ்.பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்க, இல்லைன்னா நண்பர்கள்கிட்ட கேளுங்க. "மைக் இன்" மட்டும் இருக்கிற குட்டி டாங்கிள் இதுக்கு உதவாது.

'ம்ம்ம்'னு ஒரு கரண்ட் இரைச்சல் வந்தா லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க. நிறைய நேரம் அதுலயே போயிடும்.

5. பதிவு பண்றது

ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அதுல சாம்பிள் ரேட்டை 44,100 ஹெர்ட்ஸ்னு வைங்க. ஆடியோ சிடியோட ரேட் அதுதான், பின்னாடி மாத்த வேண்டிய வேலை இல்லை.

விண்டோஸ்ல ஒலி அமைப்புக்குப் போய் மைக் மேம்பாடுகள், இரைச்சல் குறைப்பு, தானா லெவல் ஏத்துறது எல்லாத்தையும் அணைச்சுடுங்க. அதெல்லாம் மீட்டிங்ல பேசறதுக்காக எழுதின நிரல்கள். தம்புராவோட சுதியை ஃபேன் சத்தம்னு நினைச்சு அமுக்கிடும்.

லெவல் பார்க்கிறதுக்கு டேப்போட ஆரம்பத்தை நம்பாதீங்க. பஜனை டேப்ல அதிக சத்தம், எல்லாரும் சேர்ந்து வேகம் எடுக்கிற கடைசிப் பகுதியில, ஜால்ரா ஓங்கி விழற இடத்துல இருக்கும். அந்த இடத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாம வைங்க. லெவல் குறைஞ்சா பின்னாடி ஏத்திக்கலாம். உச்சத்துல வெட்டுப்பட்ட அலையைத் திரும்பக் கொண்டு வர முடியாது.

இனி டேப்பை முதலுக்கு சுத்தி, முதல்ல கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட், அப்புறம் பிளேயர்ல பிளே. ஒரு பக்கம் முழுசும் நடுவுல நிறுத்தாம ஓடட்டும். கம்ப்யூட்டர் தூங்கிப் போகாத மாதிரி அமைப்பை மாத்தி வைங்க. நீங்களும் பக்கத்துலயே உட்காருங்க, டேப் சிக்கினா உடனே நிறுத்த ஆள் வேணும்.

6. மூலக் கோப்பு: கை வைக்காதீங்க

பக்கம் முடிஞ்சதும் எதையும் வெட்டாம, எதையும் சுத்தம் பண்ணாம, அப்படியே வேவ் கோப்பா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி ஆகும், அரை மணி நேரப் பக்கத்துக்கு 300 எம்.பி-க்கு மேல. இடம் பத்தலைன்னா ஃப்ளாக் வடிவத்துல வைங்க, தரம் துளி கூட குறையாம அளவு ஏறக்குறைய பாதியாகும். எம்.பி.3 அப்படி இல்லை, அது சில விவரங்களைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் சின்னதாகுது. அனுப்பறதுக்கு எம்.பி.3, பாதுகாக்கறதுக்கு வேவ் இல்ல ஃப்ளாக்.

கோப்புப் பேர்ல "மூலம்"னு சேருங்க. உதாரணமா: டேப்03_பக்கம்1_மூலம். இதுல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது. வேலை எல்லாம் இதோட நகல்லதான்.

ஏன் இவ்வளவு கறார்? எங்க வீட்டு டேப் ஒண்ணுல, ரெண்டு பாட்டுக்கு நடுவுல பதினோரு நொடி யாரும் பாடல. தம்ளர் வைக்கிற சத்தம், அப்புறம் ஆச்சி குரல்: "ஏலே, காப்பி ஆறிப் போவுது, குடிச்சிட்டுப் பாடுங்க." அவ்வளவுதான். ஆச்சி கோஷ்டியில சேர்ந்துதான் பாடுவாங்க, தனியா அவங்க குரல் எந்தப் பாட்டுலயும் பிரிஞ்சு கேட்காது. அவங்க பேசுற குரல் எங்க குடும்பத்துக்கிட்ட இருக்கிறதே அந்தப் பதினோரு நொடிதான். பாட்டு மட்டும் போதும்னு இடைவெளியை வெட்டுற பட்டன் ஆடாசிட்டியில இருக்கு, ஒரே கிளிக். அந்தப் பட்டனுக்கு எது ஆச்சின்னு தெரியாது.

குக்கர் விசில், குழந்தை அழுகை, தெருவுல போற சைக்கிள் மணி எல்லாமே அந்த வீட்டோட பதிவுதான். இருக்கட்டும்.

7. வேகம் சரியா இருக்கா?

கரண்ட் போனப்ப பேட்டரியில பதிஞ்ச டேப்புகள்ல ஒரு வேடிக்கை நடக்கும். பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகும். மெதுவா பதிஞ்சதை இப்ப சரியான வேகத்துல ஓட்டினா பாட்டு வேகமா, சுதி ஏறிக் கேட்கும். கடைசிப் பாட்டுல தாத்தா குரல் பள்ளிக்கூடத்துப் பையன் குரல் மாதிரி இருக்கும்.

சரி பண்ண ஒரு அளவுகோல் வேணும். அன்னிக்கு வாசிச்ச ஹார்மோனியம் இன்னும் வீட்டுல இருந்தா அதுதான் நல்ல சாட்சி. அதே கட்டையை அமுக்கி, போன்ல இருக்கிற டியூனர் ஆப்ல அளந்து, டேப்ல வர்ற சுதியோட ஒப்பிடுங்க.

ஹார்மோனியம் இல்லைன்னா, கரண்ட்ல பதிஞ்ச டேப்புக்கு இன்னொரு வழி இருக்கு. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இரைச்சலும் டேப்ல லேசா பதிஞ்சிருக்கும். யாரும் பாடாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஆடாசிட்டியில 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' போட்டு, அளவை 65536-ன்னு வச்சுப் பாருங்க. மேடு 52-ல இருந்தா டேப் 4 சதவீதம் வேகமா ஓடுதுன்னு அர்த்தம். ஒரு எச்சரிக்கை: இப்ப ஓடுற பிளேயரோட கரண்ட் இரைச்சலும் சரியா 50-ல நிக்கும். டேப்பை நிறுத்திட்டு கொஞ்சம் பதிஞ்சு பார்த்தா எது எதுன்னு பிரிஞ்சிடும்.

திருத்தறதுக்கு 'சேஞ்ச் ஸ்பீட்'ங்கற வகையைத்தான் எடுக்கணும். 'சேஞ்ச் டெம்போ' சுதியை மாத்தாது, அதனால இதுக்கு ஆகாது.

8. இரைச்சலை எவ்வளவு குறைக்கலாம்?

நகல் கோப்புல, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெறும் 'உஸ்'ஸுன்னு மட்டும் கேட்கிற ஒண்ணு ரெண்டு நொடியைத் தேர்ந்தெடுங்க. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'ல அதை மாதிரியா குடுங்க. அப்புறம் முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து 6-ல இருந்து 9 டெசிபல் வரைக்கும் குறைங்க. அதோட நிறுத்திக்கோங்க.

அதுக்கு மேல போனா குரல் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். காரணம் இருக்கு. ச, ஷ, ஸ மாதிரி எழுத்துகளோட சத்தம் இருக்கிறதும், டேப்போட 'உஸ்' இருக்கிறதும் ஒரே உயர் அதிர்வெண் பகுதியில. ஒண்ணை ரொம்ப வெட்டினா இன்னொண்ணும் போகும். 'சஷ்டி'ங்கற சொல்லே மழுங்கிப் போகும். காது கொஞ்ச நேரத்துல இரைச்சலை மறந்துடும், மழுங்கின சொல்லை மறக்காது.

9. பேர் கேக்குறது: இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க

மேல சொன்ன எல்லாத்தையும் அடுத்த மாசம் கூட செய்யலாம். இதை இந்த வாரமே செய்யணும்.

மூலக் கோப்போட ஒரு எம்.பி.3 நகலை எடுத்துக்கிட்டு வீட்டுப் பெரியவங்க பக்கத்துல உட்காருங்க. நல்ல ஸ்பீக்கர்ல போடுங்க, சின்ன போன் ஸ்பீக்கர்ல அவங்களுக்குக் குரல் பிரியாது. ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு கேள்வி: யார் பாடறாங்க? எந்த வீடு, எந்தக் கோயில்? எந்த வருஷம்? என்ன விசேஷம்? அவங்க சொல்றதைக் குறிச்சுக்கோங்க, இன்னொரு போன்ல அதையும் பதிஞ்சு வைங்க. வருஷம் ஞாபகம் இல்லைன்னா, "சித்தி கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா?"ன்னு கேளுங்க, உடனே வந்துடும். கேசட் அட்டையில எழுதியிருக்கிறதை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க.

நான் சொன்ன அதே டேப்ல ஏழு பேர் மாறி மாறி எடுத்துக் குடுத்துப் பாடறாங்க. பெரியப்பா அஞ்சு பேரைக் குரலை வச்சே சொல்லிட்டாங்க. ஒருத்தர் தறி ஓட்டினவர், ஒருத்தர் தபால்காரர், சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்துட்டு வந்து பாடுவாராம். மீதி ரெண்டு பேர் யாருன்னு தெரியல. அதுல ஒருத்தருக்குத்தான் அந்த டேப்லயே நல்ல சாரீரம். அவரைத் தெரிஞ்சிருக்கக் கூடிய கடைசி ஆள் தாத்தாதான், அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. எந்த மென்பொருளாலும் அந்தப் பேரைக் கொண்டு வர முடியாது.

இன்னொண்ணு. அன்னிக்கு அவங்க வீட்டுக்குள்ள பாடினது. குரூப்ல போடறதுக்கு முன்னாடி பாடினவங்க குடும்பத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

10. பாட்டைப் பிரிக்கிறது, சிடி போடுறது

இப்பல்லாம் யாருங்க சிடி கேக்குறாங்கன்னு நீங்க கேக்கலாம். ஸ்மார்ட்போன் பழகாத பெரியம்மா, பழைய கார் வச்சிருக்கிற மாமா, இவங்களுக்கு சிடிதான் வசதி. தவிர, ஒரு தடவை எழுதின சிடி-ஆர்ல யாரும் தவறி அழிக்கவும் முடியாது, மேல எழுதவும் முடியாது.

ஆடாசிட்டியில ஒவ்வொரு பாட்டோட தொடக்கத்துலயும் கன்ட்ரோல் + பி அமுக்கி லேபிள் போட்டு, பாட்டுப் பேர் எழுதுங்க. அப்புறம் எக்ஸ்போர்ட்ல 'மல்டிபிள் ஃபைல்ஸ்' குடுத்தா லேபிள் வாரியா தனித்தனி கோப்பா வந்துடும். 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ வேவ்னு வைங்க. ஆடியோ சிடி ஒரு நொடியை 75 சட்டமா பிரிச்சு எழுதுது. அதனால ஸ்னாப்பை ஆன் பண்ணி 'சிடிடிஏ ஃப்ரேம்ஸ்'ல வச்சு வெட்டினா, தொடர்ந்து பாடுற இடத்துல 'டிக்'னு சத்தம் வராது.

புது லேப்டாப்ல டிரைவ் இருக்காது, யு.எஸ்.பி டிவிடி ரைட்டர் ஒண்ணு போதும். விண்டோஸ்ல சிடிபர்னர்எக்ஸ்பி, லினக்ஸ்ல கே3பி மாதிரி மென்பொருள் எடுத்து 'ஆடியோ சிடி'ன்னு தேர்ந்தெடுங்க. 'டேட்டா'ன்னு தேர்ந்தெடுத்தா பழைய பிளேயர்ல பாடாது. 'டிஸ்க் அட் ஒன்ஸ்' வச்சு, பாட்டுக்கு நடுவுல வர்ற 2 நொடி இடைவெளியை 0 ஆக்கலாம். வேகத்தை உச்சத்துல வைக்காம 8 இல்ல 16-ல வைங்க.

700 எம்.பி சிடியில 80 நிமிஷம் ஆடியோ போகும். சி-60 முழுசும் ஒரே சிடியில அடங்கும். சி-90 அடங்காது, பக்கத்துக்கு ஒரு சிடியா ரெண்டு போடுங்க.

எழுதி முடிச்சதும் வேற ஒரு பிளேயர்ல முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் கேட்டுப் பாருங்க. மேல பால்பாயின்ட் பேனாவால எழுதாதீங்க, தகவல் இருக்கிற அடுக்கு அந்த மேல் பூச்சுக்கு ஒட்டி கீழதான் இருக்கு, அழுத்தினா சேதமாகும். சிடி மார்க்கர் வாங்குங்க. ஸ்டிக்கரும் வேண்டாம். வெயில் படற கார் கண்ணாடி ஓரத்துல வைக்காதீங்க, உள்ள இருக்கிற சாயம் வெயிலுக்கு வெளுத்துடும்.

ஆடியோ சிடியில யார் பாடினாங்கங்கற விவரத்தைப் பெரும்பாலான பிளேயர் காட்டாது. அதனால பேர்ப்பட்டியலை ஒரு தாள்ல அச்சடிச்சு உறைக்குள்ள வைங்க.

11. ஒரு பிரதி போதாது

சிடியும் நிரந்தரம் இல்லை, ஹார்ட் டிஸ்க்கும் இல்லை. எங்க வேலையில மூணு பிரதி, ரெண்டு வகை சாதனம், ஒண்ணு வேற இடத்துலன்னு ஒரு விதி உண்டு. வீட்டுக்கும் அதுவே போதும்: கம்ப்யூட்டர்ல ஒண்ணு, தனி ஹார்ட் டிஸ்க்குல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கிற சித்தப்பா வீட்டுல ஒண்ணு. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில தரைத்தளத்து வீடுகளுக்குள்ள தண்ணி வந்தது ஞாபகம் இருக்கும். எல்லா பிரதியும் ஒரே அலமாரியில இருந்தா அது ஒரு பிரதி மாதிரிதான். மெசேஜ்ல அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்புங்க.

ஏத்தி முடிச்ச கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க. கடைசி வரைக்கும் சுத்தி, டப்பாவுல நிமிர்த்தி, காந்தம் உள்ள ஸ்பீக்கர் பக்கத்துல வைக்காம, ஈரமில்லாத இடத்துல வைங்க.

பரண்ல இருபது கேசட் இருக்குன்னு மலைக்க வேண்டாம். இந்த ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கேசட், ஒரே ஒரு பக்கம் எடுங்க. அதுக்கும் முன்னாடி, இன்னிக்கு ராத்திரியே அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக் கூடியவங்களுக்கு போன் பண்ணி, "ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா?"ன்னு கேட்டு வைங்க.

வேலும் மயிலும் துணை.